அவன் பேசினா நக்கல், அவள் பேசினா வாயா? – வாசகர் கேள்வி பதில்

'ஆண் பேசினால் நக்கல், பெண் பேசினால் வாய்' என்று ஒரு வரியைச் சென்ற இதழில் போட்டுக் கருத்துக் கேட்டிருந்தோம். அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை பெங்களூர் வாசகர்கள் கடிதங்களைக் குவித்துவிட்டார்கள். சிலவற்றுக்கு மட்டும் இங்கே இடம். மொழியியல் தெரிந்தவர்களும் பணியிடப் பயிற்சி தருபவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். இந்த வருட அப்ரைசலில் 'டோன் ஷார்ப்பாக இருக்கிறது, மென்மையாகப் பழக வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். என் பதவியிலேயே இருக்கும் ஆண் ஒருவர் மீட்டிங்கில் ஜூனியர்களைக் கலாய்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு 'நல்ல ஹ்யூமர் சென்ஸ்'. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: உங்கள் அலுவலகத்தில் நடந்ததை இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி நடப்பது எண்ணிப் பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்கத் தொழில்நுட்பத் துறையில் கீரன் ஸ்நைடர் என்பவர் 2014-ல் 28 நிறுவனங்களைச் சேர்ந்த 180 பேரின் 248 மதிப்பீடுகளைச் சேகரித்துப் படித்தார். ஆண்கள் 105 பேர், பெண்கள் 75 பேர். குறை சொல்லும் மதிப்பீடுகளை மட்டும் தனியே பிரித்தபோது, பெண்களுக்கு வந்த 94-ல் 71 அவர்களுடைய சுபாவத்தைப் பற்றிப் பேசின. ஆண்களுக்கு வந்த 83-ல் அப்படிப் பேசியவை 2. 'அப்ரேசிவ்' என்ற சொல், அதாவது உரசிக் காயப்படுத்தும் ஆள் என்பது, 13 பெண்களைப் பற்றி 17 முறை வந்திருந்தது. ஆண்களைப் பற்றி ஒருமுறைகூட இல்லை. இந்தக் கணக்கை அச்செடுத்துக்கொண்டு எச்.ஆர். அறைக்குப் போய்விடாதீர்கள். அந்த மதிப்பீடுகள் தாங்களாக முன்வந்தவர்கள் தந்தவை, குலுக்கல் முறையில் எடுத்தவை அல்ல. 'அது அமெரிக்கா, இது பெங்களூர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அறைக்குள் உதவுவது வேறு. 'டோன்' என்பது ஒரு பெயர். நடந்த சம்பவம் அல்ல. 'அக்னாலெட்ஜ்' பொத்தானை அழுத்துவதற்கு முன் மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டு மூன்றே மூன்று கேளுங்கள்: எந்தக் கூட்டத்தில், எந்த வாக்கியம், அதனால் என்ன கெட்டது. மெயில் நான்கு வரியைத் தாண்ட வேண்டாம். 'டோனைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். அதற்கு எந்தத் தேதியில் எந்த வாக்கியம் சிக்கலாக இருந்தது என்று இரண்டு உதாரணம் தேவைப்படுகிறது. அடுத்த காலாண்டில் எதை வைத்து அளப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.' இவ்வளவு போதும். உதாரணம் வந்தால் உங்களுக்கு லாபம். வராவிட்டால் அந்த மெயிலே கோப்பில் நிற்கும்.

இந்த இடத்தில் பலர் சறுக்குவது 'அவரும்தான் பேசறார்' என்று ஆரம்பித்துத்தான். சொன்ன நொடியில் பேச்சு உங்கள் மதிப்பீட்டை விட்டு அவர் மேல் புகாராக மாறிவிடும். ஒப்பிட்டே ஆக வேண்டுமானால் ஆளை விட்டு அளவுகோலைக் கேளுங்கள்: 'கூட்டத்தில் ஒருவரைக் கலாய்ப்பது இந்தக் குழுவில் சரியா, தவறா? எல்லோருக்கும் ஒரே விதியா?' அதேபோல, உதாரணமாகக் காட்டப்பட்ட வாக்கியம் 'இதுகூடத் தெரியாதா?' என்பதாக இருந்தால் ஒப்புக்கொள்வதுதான் சரி. அதை ஆண் சொன்னாலும் அது அவமதிப்புதான்.

இன்னொரு ஆய்வும் பயன்படும். விக்டோரியா பிரெஸ்கால், எரிக் ஊல்மன் இருவரும் 2008-ல் வெளியிட்டது. வேலையில் கோபப்பட்ட ஆணைப் பார்த்தவர்கள் 'ஏதோ நடந்திருக்கிறது, அதான் கோபம்' என்று காரணத்தை வெளியே தேடினார்கள். கோபப்பட்ட பெண்ணைப் பார்த்தபோது 'இவ சுபாவமே அப்படி' என்றார்கள். பெண் தன் கோபத்துக்கு வெளிக்காரணம் ஒன்றைச் சொன்னபோது அந்த மதிப்புக் குறைவு மறைந்தது. எனவே 'ஏன் இன்னும் முடியலை?' என்று கேட்பதற்குப் பதில், 'பில்ட் உடைந்து மூணு மணி நேரமாச்சு, கிளையன்ட் காத்திட்டிருக்கார், எப்ப முடியும்?' என்று காரணத்தை முன்னால் வைத்துக் கேளுங்கள். ஆண் கட்டாத வரியைப் பெண் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். இது வேலையை நடத்திக்கொள்ளும் வழி, அவ்வளவே.

மேனேஜர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மதிப்பீடுகளைச் சமர்ப்பிக்கும் முன் அதில் வரும் அடைமொழிகளை மட்டும் ஒரு தாளில் ஆண், பெண் என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். பத்துப் பேர் குழுவுக்கு இருபது நிமிடம் ஆகும்.

கேள்வி: ஆண்களின் குத்தலுக்கு ஒரு சொல், பெண்களின் குத்தலுக்கு வேறு சொல் என்று தமிழில் உண்மையிலேயே இருக்கிறதா? அகராதியில் அப்படி ஒன்றும் காணோமே.
– வாசகர், ஜெயநகர்

பதில்: அகராதியில் தேடினால் கிடைக்காது, புழக்கத்தில்தான் கிடைக்கும். நக்கல், நையாண்டி, கேலி, கிண்டல், குசும்பு, எகத்தாளம், இளக்காரம் எல்லாம் பேச்சின் பெயர்கள். இவற்றுக்கு ஆண், பெண் கிடையாது. பேச்சிலிருந்து ஆளுக்குத் தாவும் இடத்தில்தான் வழி பிரிகிறது.

பஜாரி என்று ஒரு சொல். பஜாரில் நின்று சத்தம் போடுபவள் என்ற நினைப்பில் வந்தது. இதற்கு ஆண்பால் சொல்லுங்கள் பார்ப்போம். கிடையாது. கடைவீதியில் நின்று சத்தம் போடுகிற ஆணுக்குப் பெயர் வியாபாரி! அடங்காப்பிடாரியும் அப்படித்தான். பிடாரி ஊர் எல்லையில் இருக்கிற அம்மன், கையெடுத்துக் கும்பிடுகிறோம். வீட்டுப் பெண் மேல் அதே பெயரைப் போட்டால் திட்டு. 'அடங்காதவன்' என்றாலோ கட்டவுட் வைக்கலாம். ராங்கிக்காரி உண்டு, ராங்கிக்காரனைக் காதால் கேட்பது அபூர்வம்.

இதைவிட நுட்பமானது சண்டைக்காரன், சண்டைக்காரி ஜோடி. இலக்கணப்படி ஒரே அச்சு. ஆனால் 'சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்' என்னும்போது அந்தச் சண்டைக்காரன் யார்? இந்த வழக்கில் எதிர்த்தரப்பு. நாளைக்குச் சமாதானம் ஆனால் அந்தப் பெயர் போய்விடும். 'அவ பெரிய சண்டைக்காரி' என்றால் எந்தச் சண்டை, யாரோடு என்று யாரும் கேட்பதில்லை. ஒரே விகுதி ஆணுக்கு அன்றைய வேஷத்தையும் பெண்ணுக்குப் பிறவிக் குணத்தையும் கொடுக்கிறது.

வினைச்சொற்களையும் கவனியுங்கள். ஆண் 'கமென்ட் அடிக்கிறான்', 'ஓட்டுகிறான்', 'கலாய்க்கிறான்', 'வாருகிறான்'. திண்ணையில் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தின் வாசனை இதில் அடிக்கிறது. பெண் 'குத்துகிறாள்', 'இடிக்கிறாள்', 'கொட்டுகிறாள்', 'சொல்லிக் காட்டுகிறாள்'. இங்கே வருவது தேளும் ஊசியும். ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் சொல்லியிருந்தாலும், அதை மறுநாள் நாம் எடுத்துச் சொல்லும் வினையே ஒன்றை விளையாட்டாகவும் மற்றதைக் காயமாகவும் ஆக்கிவிடுகிறது.

பெங்களூர்த் தமிழுக்குக் கன்னடம் வேறு துணை. 'ஜோர்' என்றால் நமக்குப் பிரமாதம். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெண்ணைக் காட்டி 'தும்ப ஜோரு' என்றால் பாராட்டு என்று சிரித்து வைக்காதீர்கள். அதட்டுகிற ஆள், எச்சரிக்கையாக இரு என்று பொருள். கய்யாளி என்பது அவர்களுடைய பஜாரி. அதற்கும் ஆண்பால் புழக்கத்தில் இல்லை. குத்தல் பேச்சுக்குக் கன்னடத்தில் 'கொங்கு மாத்து' என்பார்கள். பெயரைக் கேட்டுக் கோவைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுக்கென்று தனியாக லொள்ளு இருக்கிறது.

சொந்தப் பேச்சைச் சோதிக்க விரும்பினால் ஒரு வாரம் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய மரியாதைக் குறைவைப் பற்றியாவது நீங்கள் சொன்ன வாக்கியத்தை அன்றன்றைக்கு எழுதுங்கள். பத்து சேர்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஆணைப் பெண்ணாக, பெண்ணை ஆணாக மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். 'அவரு நாக்கு நீளம்' என்று படிக்கும்போது காதில் லேசாகக் கல் இடறும். அந்த இடத்தைக் கோடிட்டு, பெயரை எடுத்துவிட்டு, ஆள் சொன்ன வார்த்தையை அப்படியே போடுங்கள். 'அவ ஒரு ராங்கி' என்பது '"உங்க வேலையை நீங்க பாருங்க"ன்னு சொன்னா' என்று ஆகும். பாதி வாக்கியங்களில் கோபம் அங்கேயே இறங்கிவிடும். மீதியில், கோபப்பட உண்மையான காரணம் இருப்பது தெரியும்.

கேள்வி: ஆண்கள்தான் அதிகம் நக்கல் அடிக்கிறார்களாமே, ஆராய்ச்சியே சொல்கிறதாமே?
– வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1973-ல் பெண்களின் பேச்சு தயங்கித் தயங்கி, பணிந்து வருகிறது என்று எழுதினார். அன்றிலிருந்து இந்த விவாதம் ஓயவில்லை. அவர் பெரும்பாலும் தன்னையும் தன்னைச் சுற்றியிருந்தவர்களையும் கவனித்து எழுதியவர். பின்னால் வந்தவர்கள் பதிவு செய்த பேச்சுகளை எடுத்து எண்ணியபோது, பால் மட்டும் காரணமாக நிற்கவில்லை. யார் யாருக்கு மேலே இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. நண்பர்களுக்குள் நடந்த 62 உரையாடல்களை ரேமண்ட் கிப்ஸ் 2000-ல் ஆராய்ந்தார். சொல்வது ஒன்று, பொருள் வேறு என்று வரும் மறைபொருள் பேச்சில் ஏறக்குறைய பாதி வெறும் கேலி. உறைக்கிற நக்கல் 28 சதவீதம்.

பிரிட்டனின் ஷார்லட் டெய்லர் 2017-ல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் 'பிட்சி' (வன்மமாகக் குத்துபவர்கள்), ஆண்கள் 'சர்காஸ்டிக்' (நக்கல்காரர்கள்), அப்படியா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார். எங்களுக்கும் அந்தக் கேள்விதான் உருப்படியாகத் தோன்றுகிறது. எவர் எத்தனை முறை பேசினார் என்று எண்ணப் போகிறவர், பேச்சைக் கேட்டவர் வைத்த பெயரைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

கேள்வி: மாமியார் என்னிடம் நேராக ஒன்றும் சொல்ல மாட்டார். 'சில பேர் வீட்டுல எட்டு மணிக்குத்தான் விடியுதாம்' என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசுவார். மாமனார் நேருக்கு நேர் 'அறிவிருக்கா?' என்பார். கணவரைக் கேட்டால் 'அம்மா குத்தறாங்க, ஒத்துக்கறேன். அப்பா வெகுளி, மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டார்' என்கிறார். எனக்கு 'அறிவிருக்கா'தான் அதிகம் வலிக்கிறது.
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. இரண்டில் கடுமையானது 'அறிவிருக்கா?'. அதற்கு வெகுளித்தனம் என்று பெயர் கிடைத்துவிட்டது. மென்மையாகச் சுற்றி வந்ததற்குக் குத்தல் என்று பெயர்.

மாமியார் பேசுவது சாடை. அதைப் பிரித்துப் பார்த்தால் நான்கு உறுப்பு. முதலாவது, பொய்யான கேட்பவர்: பாத்திரம், பேரன், டி.வி., வாசலில் நிற்கும் பூனை. இரண்டாவது, பெயரில்லாத எழுவாய்: 'சில பேர்', 'யாரோ', 'ஊருல'. மூன்றாவது, குரலின் அளவு: தனக்குத்தானே பேசுவதைவிட ஒரு பங்கு கூட, கூப்பிடுவதைவிட ஒரு பங்கு குறைவு. அடுத்த அறையில் இருப்பவருக்குக் கணக்காகப் போய்ச் சேரும். நான்காவதுதான் உயிர்: 'விடியுதாம்' என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஆம்'. கேள்விப்பட்டதைச் சொல்லும்போது போடுவது. அதைப் போட்டுவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பேசியவர் பொறுப்பில்லை. 'உன்னையா சொன்னேன்?' என்று கேட்கும் கதவை அது திறந்தே வைத்திருக்கும்.

இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு? பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978-ல் மரியாதைப் பேச்சைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1987-ல் அது தனிநூலாக வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், அதுவும் கோவைப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ். நேராகச் சொல்வதா, சுற்றிச் சொல்வதா என்பதை மூன்று விஷயம் முடிவு செய்கிறது என்றார்கள்: கேட்பவருக்கு எவ்வளவு அதிகாரம், இருவருக்கும் எவ்வளவு தூரம், கேட்கிற காரியம் எவ்வளவு பாரம். நேராகச் சொன்னால் வீட்டில் ரகளை ஆகும் என்ற நிலையில் இருப்பவர் சாடைக்குப் போகிறார். மாமனாருக்கு அந்தக் கவலை இல்லை, எனவே சாடை தேவையில்லை. மேலதிகாரி கடந்துபோகும்போது 'சில பேருக்குச் சனிக்கிழமை லீவே கிடையாதாம்' என்று பக்கத்து நாற்காலியிடம் சொல்லும் ஆண் ஊழியர் பேசுவதும் அட்சரம் பிசகாமல் இதே சாடைதான்.

பதில் சொல்லும் முறை: பதிலுக்கு நீங்களும் குக்கரிடம் பேச ஆரம்பிக்காதீர்கள். இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் வீட்டில் எந்த வழக்கும் முடியாது. 'என்னைத்தான் சொல்றீங்கன்னு தெரியும்' என்பதும் வேண்டாம், அந்தத் திறந்த கதவு வழியாக வெளியே போய்விடுவார். 'ஆம்'மைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் விஷயத்தை மட்டும் கையில் எடுங்கள். அன்றைக்கே, வேறு யாரும் இல்லாத நேரத்தில்: 'அத்தை, காலைல ஆறரைக்குக் காபி வேணும்னா ராத்திரியே டிகாக்ஷன் இறக்கி வச்சிடறேன். ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு மணிக்குப் படுக்கறேன், எட்டுக்கு முன்னாடி டிபன் என்னால முடியாது.' ஒரு சலுகை, ஒரு எல்லை. பத்து நாளில் சாடை முழுக்க நிற்காது. எண்ணிக்கை குறையும்.

மாமனாருக்கு இன்னும் சுருக்கமாக: 'மாமா, என்ன தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன். அறிவிருக்கான்னு கேக்காதீங்க.' குரல் உயராமல், ஒவ்வொரு முறையும், அதே வாக்கியம். கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இருவருக்கும் ஒரே வினைச்சொல். அம்மா குத்துகிறார் என்றால் அப்பாவும் குத்துகிறார்.

ஏளனம் எல்லை மீறினால் சட்டமும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவமதிப்பு, ஏளனம், இழிவுபடுத்தல், பட்டப்பெயர் சொல்லித் திட்டுதல் ஆகியவற்றைச் சொல்வழி, மனவழி வன்முறையாகக் கணக்கில் எடுக்கிறது. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று ஏளனம் செய்வதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. பெண்களுக்கான உதவி எண் 181. எட்டு மணி விடியலுக்கு அது வேண்டியதில்லை.

கேள்வி: என் மனைவிக்குக் கோபம் வந்தால் என்னை 'நீங்க, வாங்க' என்கிறார். மற்ற நேரம் 'நீ, வா'தான். மரியாதைதானே, ஏன் சுடுகிறது?
– வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: அளவுக்கு மேல் கொடுத்த மரியாதை திரும்பிக் குத்தும். பொய்யென்று பளிச்சென்று தெரியும் மரியாதைதான் நக்கலின் அடிப்படை என்று ஜோனதன் கல்பெப்பர் என்ற மொழியியலாளர் 1996-ல் வகைப்படுத்தினார். தமிழில் அதற்கு 'ங்க' ஒன்றே போதும். தாமதமாக எழுந்த மகனுக்கு 'வாங்க சார்', மருமகளுக்கு 'வாங்க மகாராணி'. முன்னதில் காபியும் சேர்ந்து வரும். உங்கள் விஷயத்தில், 'நீ' திரும்பி வரும்வரை கார் சாவியைத் தேடுவதைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: அடுக்ககச் சங்கத்தின் செயலர் நான். வாட்ஸ்அப் குழுவில் 'எத்தனை தடவை சொன்னாலும் சிலர் குழாய் வைத்துக் கார் கழுவுகிறார்கள். டேங்கர் இன்று வரவில்லை, தயவுசெய்து புரிந்துகொள்ளவும்' என்று போட்டேன். 'ஓகே ஹெட்மிஸ்ட்ரஸ்' என்று ஒருவர், கீழே பன்னிரண்டு சிரிப்புப் படங்கள். எனக்கு முன் செயலராக இருந்தவர் இதைவிடக் கடுமையாக எழுதுவார். அவருக்குக் 'கறாரான மனுஷன்' என்று பெயர்.
– வாசகி, பன்னேர்கட்டா சாலை

பதில்: முதலில் எழுத்தைப் பார்ப்போம், பிறகு ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்ப்போம்.

எழுத்தில் தொனி போய்ச் சேர்வதே கடினம். ஜஸ்டின் க்ரூகரும் குழுவினரும் 2005-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு வாக்கியம் நக்கலா நிஜமா என்பது மெயிலில் படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பியது 78 சதவீதம். புரிந்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். குரலில் சொன்னபோது 73. உங்கள் செய்தியில் 'எத்தனை தடவை' கணக்குக் கேட்கிறது, 'சிலர்' சாடையாகிறது, 'தயவுசெய்து' அந்த இரண்டுக்கும் பிறகு வருவதால் பல்லைக் கடித்த தொனியில் விழுகிறது. ஆண் எழுதியிருந்தால் இந்த மூன்றும் கறாராகப் படிக்கப்படும் என்பது வாஸ்தவம். அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காத வரை, படிப்பவர் தொனியை ஊகிக்க இடமே கொடுக்காமல் எழுதுவது நல்லது.

மாற்றி எழுதினால் இப்படி: 'இன்று டேங்கர் வரவில்லை. தொட்டியில் இருப்பது நாளைக் காலை 10 மணி வரை போதும். அதுவரை குழாய் வைத்துக் கார் கழுவக் கூடாது; வாளி போதும். மீறினால் பொதுக்குழு முடிவுப்படி அபராதம். – செயலர்.' நிலவரம், எண், விதி, விளைவு. உங்கள் பெயர் வேண்டாம், பதவி போதும். பொதுக்குழு அப்படி முடிவு எடுத்திருக்காவிட்டால் அந்த வரியைப் போடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் அறிவித்தது. அப்போது சங்கங்களின் வேலை சுலபமானது, ஏனென்றால் அதட்டியது செயலர் அல்ல, வாரியம்.

'ஹெட்மிஸ்ட்ரஸ்' வந்தால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். தொட்டால் அன்றைய குழுவின் பேச்சு அதுதான், தண்ணீர் போய்விடும். பத்து நிமிடம் விட்டு, 'டேங்கர் நாளை 9 மணிக்கு உறுதி' என்று அடுத்த தகவலைப் போடுங்கள். இரண்டாம் முறையும் வந்தால் நிர்வாகக் குழுவில் வேறு ஒருவர், ஆணாக இருந்தால் இன்னும் நல்லது, 'செயலர் என்று எழுதுங்கள்' என்று மூன்று சொல்லில் முடிக்கட்டும். அவமதிக்கப்பட்டவரே கேட்டால் 'ஜோக் புரியாதவர்' என்ற அடுத்த பட்டம் தயாராக இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கேட்டால் அது ஒட்டாது.

கேள்வி: ஆபீஸில் என்னைப் பற்றி நக்கலாகப் பேசுவதை போஷ் (பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு) குழுவில் புகார் செய்யலாமா?
– வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: எல்லா நக்கலையும் முடியாது. 'உன் கோடிங்கை மியூசியத்துல வைக்கலாம்' என்பது மரியாதைக் குறைவு, போஷ் சட்டத்துக்குள் வராது; எச்.ஆர். வழியாகப் போக வேண்டும். உடல், உடை, உறவு என்று பாலியல் சாயம் கொண்ட, நீங்கள் விரும்பாத பேச்சு 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும், சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாலும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டலாம். விசாரணைக்கு 90 நாள். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கில் சொன்ன சொல்லுக்கு, இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

புகார்கள் பலவீனமாவது ஒரே இடத்தில்: 'அசிங்கமாகப் பேசினார்' என்று எழுதுவது. அது உங்கள் தீர்ப்பு. சொன்ன சொல், சொன்ன மொழியிலேயே, தேதி, நேரம், கேட்டவர்கள். கன்னடத்திலோ இந்தியிலோ சொன்னதை மொழிபெயர்த்து மட்டும் எழுதினால் விசாரணையில் அர்த்தத் தகராறு வரும். ஒலியை அப்படியே எழுதிவிட்டுப் பொருளை அடுத்த வரியில் கொடுங்கள்.

கேள்வி: நான் ஆண். மனத்தாங்கலைச் சுற்றி வளைத்துச் சொன்னால் 'பொம்பள மாதிரி புலம்பாதே' என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: ஒரே வாக்கியத்தில் இரண்டு பேருக்குத் திட்டு, அதில் ஒருவர் அறையிலேயே இல்லை. சாடையைப் பெண்ணின் குணம் என்று முடிவு கட்டிய பிறகு, அதைப் பேசும் ஆணை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 'சரி, நேராவே சொல்றேன்' என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நேராகச் சொன்னதைக் கேட்க அவர்களுக்கு மனம் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: நக்கலும் குத்தலும் பெண்களுக்குப் பழைய மரபில் கிடையாது. 'அச்சமும் நாணும் மடனும்' பெண்ணுக்குரியவை என்று தொல்காப்பியமே சொல்கிறது. இதெல்லாம் இந்தக் காலத்துப் பழக்கம்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ராஜாஜிநகர்

பதில்: ஐயா, அந்தச் சூத்திரம் களவியலில், காதலில் இருக்கும் தலைவியைப் பற்றி வருவது. அதே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்களை 'எள்ளல் இளமை பேதைமை மடன்' என்று நான்காக வகுக்கிறது. எள்ளலுக்குத்தான், அதாவது ஏளனத்துக்குத்தான், முதலிடம், அதை ஆண்பாலுக்கு என்று ஒதுக்கவில்லை. புகழ்வது போலப் பழிப்பதை, அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இலேச அணியின்கீழ்ச் சொல்கிறது. அங்கும் யார் வாயில் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பின்னால் 'வசை பாடக் காளமேகம்' என்று ஒரு ஆணின் வசைக்குப் பட்டமே கட்டினோம்.

புறநானூறு 95-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு அவன் தன் படைக்கொட்டிலை, அதாவது ஆயுதச் சாலையை, காட்டுகிறான். இவை மயில்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி, காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன என்கிறார் ஔவை. அவையோ, அதாவது எங்கள் ஆளுடையவையோ, பகைவரைக் குத்திக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்ச்சியில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று தொண்டைமான் சுட்டிக்காட்ட முடியாது. 'உன் ஆயுதம் புத்தம் புதுசு, அதாவது நீ சண்டையே போட்டதில்லை' என்பதை அரசன் முகத்துக்கு நேராக, அவன் வீட்டிலேயே நின்று சொல்லியாகிவிட்டது. இந்தப் பாட்டுக்குத் துறை வகுத்தவர்கள் ஔவைக்கு நாக்கு நீளம் என்று குறித்து வைக்கவில்லை. வாள் மங்கலம், அதாவது அரசனின் வாளை வாழ்த்துவது, என்று எழுதினார்கள்.